மாதக் கடைசியில் தவழும் பில்லிங் சாஃப்ட்வேர்: பெரிய சர்வரா, குவெரி திருத்தமா, ரெப்ளிக்காவா, கேஷா?

மாதம் முழுக்க ஒழுங்காக ஓடுகிற பில்லிங் சாஃப்ட்வேர், கடைசி இரண்டு நாள் மட்டும் தவழும். சேவ் பட்டனை அழுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கிளைகளில் கிண்டல் அடிப்பார்கள். அடுத்த வாரம் மீட்டிங் கூடும். ஹார்டுவேர் சப்ளையர் பெரிய சர்வருக்குக் கொட்டேஷனோடு வருவார். புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் ரெடிஸ் என்ற கேஷைப் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவை மெமரியில் வைத்துக் கொடுப்பது) போட்டால் பறக்கும் என்பார். கன்சல்டன்ட், ரிப்போர்ட்டுகளைத் தனி ரெப்ளிக்காவுக்கு (டேட்டாபேஸின் நகலுக்கு) மாற்றச் சொல்வார். அந்தப் புரோகிராம் கோடோடு பல வருடம் குடித்தனம் நடத்தியவர் மட்டும் “குவெரியைத் திருத்தணும் சார்” என்று முனகுவார் (குவெரி என்பது சாஃப்ட்வேர் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் அவரிடமும் பதில் இருக்காது. பணம் போடுகிறவருக்குத் தலை சுற்றும்.

நான்கு பேர் சொல்வதும் நியாயமான யோசனைகள்தான். ஆனால் நான்கும் நான்கு விதமான காத்திருப்பைத் தீர்ப்பவை. உங்கள் சாஃப்ட்வேர் எதற்காகக் காத்து நிற்கிறது என்று தெரியாதவரை, எந்த யோசனை மலிவு, எது விலை அதிகம் என்று பேசுவதே வீண். தவறான இடத்தில் போட்ட ஒரு லட்சத்தைவிடச் சரியான இடத்தில் போட்ட ஐந்து லட்சம் மலிவு.

பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மொத்த வியாபாரம், ஏழு கிளைகள், ஒரே நேரத்தில் அறுபது பேர் பில் போடுகிறார்கள். பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், 8 கோர், 32 ஜிபி மெமரி. பில் வரிகள் இருக்கும் டேபிளில் 2 கோடி வரிசைகள். விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுப் போர்ட்டலில் பதிவது) கட்டாயம். சாஃப்ட்வேர் சொந்தமாக எழுதியது. நிறுவனம் கற்பனை, அதற்கு வருகிற தொல்லைகள் கற்பனை இல்லை.

முதலில், எதற்காக நிற்கிறது?

ஒரு பில் சேவ் ஆக 40 நொடி ஆகிறது என்றால், அந்த 40 நொடியும் சர்வர் வேலை செய்துகொண்டிருந்ததா, எதையோ எதிர்பார்த்துச் சும்மா நின்றதா? வேலை செய்தது என்றால் சிபியு. நின்றது என்றால் டிஸ்க்கிலிருந்து டேட்டா வர நின்றிருக்கலாம், வேறொருவர் பிடித்து வைத்திருக்கும் லாக்குக்காக (பூட்டுக்காக) நின்றிருக்கலாம், அல்லது டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்காமல் வாசலிலேயே நின்றிருக்கலாம். பெரும்பாலான வழக்குகள் இந்த நான்கில் அடங்கிவிடும்.

போஸ்ட்கிரெஸில் இதைப் பார்க்கப் பைசா செலவில்லை. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவில், 2016-ல் வந்த 9.6 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு கனெக்ஷனும் எதற்காகக் காத்திருக்கிறது என்று காட்டும் காலம் (நெடுவரிசை) இருக்கிறது. 31-ஆம் தேதி மாலை ஐந்து நொடிக்கு ஒருமுறை அதைப் படமெடுத்து ஒரு டேபிளில் போட்டு வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட் போதும். மறுநாள் கூட்டிப் பார்த்தால், லாக் என்று எத்தனை, ஐஓ (டிஸ்க்கில் படிப்பது, எழுதுவது) என்று எத்தனை, காத்திருப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவை எத்தனை என்று தெரிந்துவிடும். டேட்டாபேஸ் காற்று வாங்கிக்கொண்டிருக்க, அப்ளிகேஷன் லாகில் (பதிவேட்டில்) மட்டும் கனெக்ஷன் டைம்அவுட் குவிந்திருந்தால் சிக்கல் பூலில் (டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்து வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் இடத்தில்) இருக்கிறது. கூடவே பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைப் போட்டு வைத்தால், மொத்த நேரத்தில் எந்தக் குவெரி எவ்வளவு தின்றது என்ற பட்டியலும் கிடைக்கும்.

இந்தக் கணக்கு கையில் இல்லாமல் நடக்கும் மீட்டிங்கில், குரல் பெரியவருடைய யோசனைதான் ஜெயிக்கும்.

பெரிய சர்வர்

டெவலப்பர்கள் பலருக்கு இந்த யோசனை என்றாலே இளக்காரம். எனக்கு அப்படி இல்லை. நல்ல டெவலப்பர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், மெமரியை இரட்டிப்பாக்குவது பல இடங்களில் மலிவாகவே முடியும். அடிக்கடி தொடப்படும் டேட்டா 50 ஜிபி, மெமரி 32 ஜிபி என்றால், டிஸ்க்குக்கும் மெமரிக்கும் இடையே ஓயாத அலைச்சல் இருக்கும். 64 ஜிபி போட்டால் அந்த அலைச்சல் அன்றே நிற்கும். கோடில் ஒரு எழுத்தையும் தொட வேண்டாம், எதுவும் உடையாது.

கிளவுடில் இருப்பவர்கள் சர்வரைப் பெரிதாக்கும் முன் டிஸ்க்கின் வகையைப் பார்க்க வேண்டும். அமேசானின் பழைய ஜிபி2 டிஸ்க்கில் வேகம் கொள்ளளவைப் பொறுத்தது: ஒரு ஜிபிக்கு நொடிக்கு 3 முறை படிக்கலாம், எழுதலாம். 100 ஜிபி டிஸ்க்குக்கு 300 தான் சொந்த வேகம். கையிருப்பு கிரெடிட் இருக்கும்வரை 3000 வரை ஓடும், தீர்ந்ததும் 300-க்கு விழும். முழுக் கிரெடிட்டும் சுமார் அரை மணி நேர முழு ஓட்டத்துக்குத்தான் வரும். காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் சட்டென்று படுத்துவிடும் சிஸ்டம்களில் இதை முதலில் சந்தேகப்படுவேன். ஜிபி3-க்கு மாறினால் ஆரம்பமே 3000. சர்வரைத் தொடவே வேண்டியிருக்காது.

சொந்தமாக இன்ஸ்டால் செய்த போஸ்ட்கிரெஸில் இன்னொரு வேடிக்கை. டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் அளவைச் சொல்லும் ஷேர்டு பஃபர்ஸ் என்ற செட்டிங்கின் ஆரம்ப மதிப்பு 128 எம்பி, குவெரியின் வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான ஒர்க் மெம் 4 எம்பி. மெஷின் எவ்வளவு பெரிதானாலும் இவை தானாக வளராது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கேஷ் ஓரளவு கைகொடுப்பதால் முழுக்க நாசமாகாது என்றாலும், 64 ஜிபி வாங்கிப்போட்டு 128 எம்பியில் ஓட்டுவது என்ன நியாயம்? மெமரியில் கால் பங்கு என்பது ஷேர்டு பஃபர்ஸுக்கு வழக்கமான தொடக்கப் புள்ளி.

இந்த வழியின் பலவீனம் இரண்டு. ஒரே குடும்பத்து சர்வரில் அடுத்த அளவுக்குப் போனால் கிளவுட் பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதுவும் மாதாமாதம். இரண்டாவது, லாக்குக்காக நிற்கும் சிஸ்டத்துக்கு இது துளியும் உதவாது. சிபியு 15 சதவீதத்தில் இருக்கும்போதே தவழ்கிற சிஸ்டத்துக்கு இன்னும் 8 கோர் கொடுத்தால், 7 சதவீதத்தில் தவழும்.

குவெரி, இண்டெக்ஸ், கோடு திருத்தம்

மாதக் கடைசி ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்ச் மாத விற்பனை வேண்டும். எழுதியவர் பில் தேதியை டூ_கேர் ஃபங்ஷனில் போட்டு வருடம்-மாதமாக மாற்றி, அது 2025-03 என்பதற்குச் சமமா என்று கேட்டிருக்கிறார். படிக்க அழகு. ஆனால் பில் தேதி காலத்தின் மேல் இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் இருக்கும் பொருளடைவு போல, தேடியதைச் சட்டென்று காட்டுவது) இருந்தும் அது பயன்படாது, ஏனென்றால் கேட்பது தேதியை அல்ல, தேதியிலிருந்து பிறந்த எழுத்துக்களை. 2 கோடி வரிசையையும் படித்து, ஒவ்வொன்றையும் மாற்றி, ஒப்பிட்டு, பெரும்பாலானதைத் தூக்கி எறியும். குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால் ‘ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்’ என்ற வரியில் அந்தக் கோடிக்கணக்கான எண் அப்பட்டமாக உட்கார்ந்திருக்கும். மார்ச் 1-க்குச் சமம் அல்லது மேல், ஏப்ரல் 1-க்குக் கீழ் என்று எழுதினால் இண்டெக்ஸ் உயிர்பெறும். மாற்றியது ஒரே ஒரு வரி.

கண்ணுக்கே தெரியாத இன்னொன்று உண்டு. வாடிக்கையாளர் எண் காலம் பிக்இன்ட் (முழு எண் வகை). ஜாவா பக்கமிருந்து அதே எண் பிக்டெசிமலாக (தசம எண் வகையாக) வருகிறது. போஸ்ட்கிரெஸ் இரண்டையும் நியூமெரிக்காக்கி ஒப்பிடும். அதாவது காலத்தையே ஒவ்வொரு வரிசையிலும் மாற்றும். இண்டெக்ஸ் ஓரமாக நிற்கும். அதே குவெரியைக் கையால் டைப் செய்து ஓட்டினால் மில்லிநொடியில் வந்துவிடும். ‘என் மெஷின்ல வேகமா வருதே’ என்ற பிரசித்தி பெற்ற வசனத்துக்குப் பின்னால் இது ஒளிந்திருப்பதுண்டு. எக்ஸ்ப்ளெயினில் காலத்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு முக்காற்புள்ளியும் நியூமெரிக் என்ற சொல்லும் தெரிந்தால் இதுதான்.

குவெரியைத் தானே எழுதித்தரும் ஓஆர்எம் லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்த பழைய எதிரி என்-பிளஸ்-ஒன்: 500 பில்லைப் பட்டியலிட 1 குவெரி, ஒவ்வொரு பில்லின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனியாக 500 குவெரி. போய்வர 1 மில்லிநொடி என்றாலும் அரை நொடி வழியிலேயே போகிறது. ஒவ்வொரு குவெரியும் தனியாகப் பார்த்தால் வேகமாக இருப்பதால், மெதுவான குவெரிகளின் லாகில் இது மாட்டவே மாட்டாது.

பெரிய டேபிள்களில் புள்ளிவிவரம் பழையதாகிப்போவதும் அடிக்கடி நடக்கும். டேபிள்களைத் தானாகப் பராமரிக்கும் ஆட்டோவேக்யூம், டேபிளில் 10 சதவீதம் மாறினால்தான் அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் வேலை) ஓட்டும் என்பது ஆரம்ப செட்டிங். 2 கோடி வரிசைக்கு 20 லட்சம். அதுவரை பிளானர் பழைய கணக்கை வைத்துத்தான் வழி தேர்ந்தெடுக்கும். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் 1 அல்லது 2 சதவீதமாகக் குறைத்து வைப்பது ஒரு கட்டளையில் முடியும்.

இந்த வழிக்குப் பொருட்செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஆள்செலவு மட்டும் உண்டு. எரிச்சல் என்னவென்றால் முன்கூட்டியே கணக்குச் சொல்ல முடியாது. முதல் மூன்று குவெரியில் பாதிச் சுமை இறங்கிவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். இண்டெக்ஸும் இலவசம் இல்லை: ஒவ்வொரு பில் சேவ் ஆகும்போதும் டேபிளின் எல்லா இண்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று பதினைந்து இண்டெக்ஸ் போட்டு வைத்த டேபிளில் பில் போடுவதே பாரமாகிவிடும்.

பில் எண் என்ற குறுகிய வாசல்

நம் மாதிரி நிறுவனத்தில் உண்மையான குற்றவாளி இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்மூர் பில்லிங் கோடில் இந்த அமைப்பு சர்வசாதாரணம்.

சிஜிஎஸ்டி விதி 46 பில் எண் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. தானாக அடுத்த எண்ணைக் கொடுக்கும் டேட்டாபேஸின் சீக்வென்ஸ் இதற்கு ஒத்துவராது. டிரான்சாக்ஷன் (முழுதாக முடிய வேண்டிய அல்லது முழுதாக ரத்தாக வேண்டிய வேலைத் தொகுப்பு) பாதியில் ரத்தானாலும் எடுத்த எண் திரும்பாது, நடுவில் ஓட்டை விழும். ஆகவே ஒரு கவுன்ட்டர் டேபிள் வைத்து, அதில் ஒரே ஒரு வரிசையை லாக் செய்து, எண்ணை ஒன்று கூட்டி, பில்லைச் சேவ் செய்து, கடைசியில் கமிட் செய்கிறார்கள் (உறுதியாக்கி முடிக்கிறார்கள்). கமிட் ஆகும்வரை மற்ற எல்லாரும் அந்த வரிசைக்காக நிற்க வேண்டும். பில் சேவ் ஆக 40 மில்லிநொடி என்றால் யாருக்கும் உறைக்காது.

பிறகு இ-இன்வாய்ஸ் வந்தது. ஐஆர்என் (இ-இன்வாய்ஸின் பதிவு எண்) வாங்கப் பில் எண் தேவை. ஆகவே எண்ணை எடுத்தபின் அரசுப் போர்ட்டலான ஐஆர்பிக்குக் கோரிக்கை போகிறது. அவசரத்தில் அந்த அழைப்பையும் அதே டிரான்சாக்ஷனுக்குள் வைத்துவிட்டார்கள். பதில் வர 700 மில்லிநொடி என்று வைத்தால், லாக் பிடித்திருக்கும் நேரம் 40 மில்லிநொடியிலிருந்து முக்கால் நொடியாகிவிட்டது. இனிக் கணக்கு எளிது. நிறுவனம் முழுக்க, ஏழு கிளையும் சேர்த்து, நிமிடத்துக்கு 80 பில்தான் போகும். அறுபது பேரும் ஒரே நேரத்தில் சேவ் அழுத்தினால் கடைசி ஆள் 45 நொடி நிற்பார். ஐஆர்பி கொஞ்சம் மந்தமாகும் மாதக் கடைசியில் இது இரண்டு மடங்காகும். சர்வர் மட்டும் வெட்டியாக உட்கார்ந்திருக்கும்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் இதன் முகம் தனி: வரிசையில் முதலில் நிற்பவருக்கு டிரான்சாக்ஷன்ஐடி, பின்னால் நிற்பவர்களுக்கு டியூப்பிள் என்று லாக் காத்திருப்பு வரிசையாகத் தெரியும். லாக்கைப் பிடித்திருப்பவரோ டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்தபடி ‘ஐடில்’ என்று இருப்பார், ஏனென்றால் அவருடைய அப்ளிகேஷன் ஐஆர்பியின் பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. இதைப் பார்த்தபின் பெரிய சர்வர், ரெப்ளிக்கா, கேஷ் மூன்றும் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும்.

திருத்தம் இரண்டு படி. பில்லை ‘ஐஆர்என் வரவில்லை’ என்ற நிலையில் சேவ் செய்து கமிட் செய்துவிட்டு, ஐஆர்பி அழைப்பைப் பின்னணி வரிசைக்குத் தள்ளுவது. ஐஆர்என் வந்த பிறகே பிரின்ட் எடுக்கவும் சரக்கை அனுப்பவும் விட வேண்டும். அது இல்லாத பில் இந்த நிறுவனங்களுக்குப் பில்லே ஆகாது. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் தப்பு என்று ஐஆர்பி திருப்பி அனுப்பினால், அந்த எண்ணுக்கு ஐஆர்என் பிறக்கவில்லை. திருத்தி அதே எண்ணில் மறுபடி அனுப்பலாம். இந்த ஒரு மாற்றத்தில் 45 நொடி சுமார் இரண்டரை நொடிக்கு வரும். இரண்டாவது படி, அதே விதி 46 ஒன்றுக்கு மேற்பட்ட எண் வரிசைகளையும் அனுமதிக்கிறது. கிளைக்கு ஒரு வரிசை கொடுத்தால் ஒரு வாசல் ஏழு வாசலாகும். கிளைக்கு மூன்றெழுத்து, நிதியாண்டு ஐந்து எழுத்து, ஆறு இலக்க எண், இடையில் இரண்டு சாய்கோடு: சரியாக 16.

ரெப்ளிக்கா

டேட்டாபேஸின் நகல் ஒன்றை ஓடவிட்டு ரிப்போர்ட்டுகளை மட்டும் அங்கே அனுப்புவது. மாலை ஆறு மணிக்கு அக்கவுன்ட்ஸ் பிரிவு பாக்கிப் பட்டியலை எடுக்க, அந்த நேரத்தில் பில் கவுன்ட்டர்கள் திணறுகின்றன என்றால் இது கச்சிதமான பதில். எழுதும் சுமையை மட்டும் இது குறைக்காது. ஒவ்வொரு பில்லும் இரண்டு இடத்திலும் எழுதப்படத்தான் செய்யும்.

இரண்டு முட்கள் உண்டு. நகல் சற்றுப் பின்தங்கி வரும். பணம் வரவு வைத்த கையோடு பாக்கிப் பட்டியலைத் திறந்தால் பழைய பாக்கி தெரியும். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது இது வாக்குவாதமாகிவிடும். இன்னொன்று, நகலில் நீண்ட ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது மூலத்திலிருந்து வரும் மாற்றம் அதோடு மோதினால், ஆரம்ப செட்டிங்கில் 30 நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டை வெட்டிவிடும். அந்த நேரத்தைக் கூட்டலாம். கூட்டினால் நகல் மேலும் பின்தங்கும். நேற்று வரைக்குமான கணக்கே போதும் என்கிற ரிப்போர்ட்டுகளுக்கு, இரவில் ஒருமுறை சுருக்கி வைக்கும் டேபிளோ மெட்டீரியலைஸ்டு வியூவோ (குவெரியின் விடையைச் சேமித்து வைப்பது) இதைவிட எளிமை. கன்சல்டன்ட்கள் இதை ஏன் முதலில் சொல்வதில்லை என்பது எனக்குப் புதிர்.

கேஷ்

ரெடிஸ் நல்ல சாமான். பொருள் பட்டியல், எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டியில் பொருளின் வகை எண்), கிளை விவரம், பயனர் அனுமதி போன்று ஆயிரம் முறை படித்து ஒரு முறை மாறுகிற விஷயங்களுக்குப் போடலாம். இருப்பு, கடன் வரம்பு இரண்டையும் அங்கே வைக்கக் கூடாது என்பேன். இல்லாத சரக்குக்குப் பில் விழுந்தால், மிச்சம் பிடித்த மில்லிநொடிகளை யாரும் பாராட்டப் போவதில்லை.

எப்போதாவது மாறுவதுகூட ஆபத்தான நாளில்தான் மாறும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் கூண்டோடு மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் நகர்ந்தன. வரி விகிதத்தை 24 மணி நேரக் கேஷில் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் ஒன்றில், டேட்டாபேஸில் நள்ளிரவே மாற்றியிருந்தாலும், காலைப் பில்கள் பழைய விகிதத்தில்தான் போகும். விகிதத்தோடு ‘எந்தத் தேதி முதல்’ என்பதையும் சேர்த்து வைத்து, பில் தேதியை வைத்து எடுத்தால் இந்தச் சங்கடம் வராது. இந்த அளவு யோசித்துத்தான் ஒவ்வொரு கேஷையும் போட வேண்டும். அந்த யோசனைக்கு ஆகும் நேரத்தைக் கொட்டேஷனில் யாரும் எழுதுவதில்லை.

இரண்டு வரியில் பூல் விஷயம்: கனெக்ஷன் பூலைக் கூட்டினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் பொய். 8 கோர் மெஷினில் 300 கனெக்ஷன் ஒரே நேரத்தில் ஓடினால் அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஜாவாவுக்கான ஹிகாரி பூலை உருவாக்கியவர்கள் காட்டும் சூத்திரம் கோர் எண்ணிக்கையின் இரு மடங்கை ஒட்டியே தொடங்குகிறது. குறைத்துப் பாருங்கள், செலவில்லை.

தேர்ந்தெடுத்ததைச் சோதிப்பது

எந்த வழியை எடுத்தாலும், சரியாகிவிட்டதா என்று அடுத்த மாதக் கடைசி வரை காத்திருந்து பார்ப்பது சோதனை ஆகாது. லோட் டெஸ்ட் (செயற்கையாகச் சுமை ஏற்றிப் பார்ப்பது) வேண்டும். ஜேமீட்டரா, கே6-ஆ, லோட்ரன்னரா என்று இங்கும் ஒரு பட்டிமன்றம் உண்டு. ஜேமீட்டர் இலவசம், டேட்டாபேஸோடு நேராகப் பேசும், கோடு எழுதத் தெரியாதவரும் திரையில் கட்டலாம். ஓட்டும்போது மட்டும் திரையில்லாமல் கட்டளை வரியில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கருவியே திணறும். கே6 ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். 95 சதவீதப் பில் 2 நொடிக்குள் வராவிட்டால் பில்டையே (சாஃப்ட்வேரின் புதிய தயாரிப்பையே) ஃபெயில் செய்யச் சொல்லலாம் என்பதால் டெவலப்பர் குழுக்களுக்குப் பிடிக்கும். லோட்ரன்னருக்குக் காசு கொடுப்பதில் அர்த்தம் இருப்பது, சேப் ஜியூஐ, சிட்ரிக்ஸ் போன்று மற்றவை தொடாத இடங்களில். நம் அறுபது பேர் பில் கவுன்ட்டருக்கு ஜேமீட்டரே தாராளம். முந்தைய பில் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடும் நிலையான ஆட்கள் இவர்கள். ஜேமீட்டரின் வழக்கமான த்ரெட் குரூப் அச்சு அசல் இதே போலத்தான் நடந்துகொள்ளும். வாடிக்கையாளர்களே நேரடியாக ஆர்டர் போடும் ஆப் என்றால் கதை வேறு. அங்கே நீங்கள் தாமதித்தாலும் கூட்டம் வந்துகொண்டேயிருக்கும். நொடிக்கு இத்தனை என்று வரவைத்துச் சோதிக்கக் கே6 வசதி.

கருவியைவிடச் சோதனைச் சூழல்தான் பலரையும் கவிழ்க்கிறது. டெஸ்ட் டேட்டாபேஸில் ஐம்பதாயிரம் வரிசை இருந்தால் மேலே சொன்ன டூ_கேர் குவெரிகூடக் கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். அதைவிட மோசம் ஐஆர்பிக்குப் பதிலாக வைக்கும் போலிச் சேவை. அது உடனே பதில் கொடுத்தால் லாக் நேரம் 40 மில்லிநொடியாகவே இருக்கும், சிஸ்டம் சோதனையில் பறக்கும், 31-ஆம் தேதி படுக்கும். போலிச் சேவைக்குள் 700 மில்லிநொடித் தாமதத்தையும், இடையிடையே ஐந்து நொடித் தாமதத்தையும், சில தோல்விகளையும் கையால் வைக்க வேண்டும். பெரிய இடங்களிலும் இந்த வழுக்கல் நடந்திருக்கிறது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புதிய தளத்துக்கு மாறியபோது லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். இரண்டு டேட்டா சென்டரில் ஓட வேண்டியதை ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை செய்திருந்தது பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தது. 2022-ல் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

முடிவைப் படிக்கும்போது சராசரியை நம்ப வேண்டாம். 95 பில் ஒரு நொடியிலும் 5 பில் 41 நொடியிலும் போனால் சராசரி 3 நொடி. அறிக்கையில் அழகாக இருக்கும். அந்த ஐந்து பேர்தான் உங்களுக்குப் போன் செய்பவர்கள்.

எதை எடுப்பது

மாதிரி நிறுவனத்துக்கு என் வரிசை இது: ஐஆர்பி அழைப்பை டிரான்சாக்ஷனிலிருந்து வெளியே எடுப்பது, முதல் சில பெரிய குவெரிகளைத் திருத்துவது, மெமரி செட்டிங்கும் பூலும். இவை முடிந்து மறுபடி அளந்த பிறகும் ஐஓ காத்திருப்பு மிச்சமிருந்தால் மெமரி வாங்கலாம். பகலில் ரிப்போர்ட் தொல்லை தொடர்ந்தால் ரெப்ளிக்கா. கேஷ் கடைசி, அதுவும் மாஸ்டர் டேட்டாவுக்கு மட்டும்.

சாஃப்ட்வேர் உங்களுடையது இல்லை, வெளியில் வாங்கியது என்றால் இந்த வரிசை தலைகீழ். கோடைத் தொட முடியாது. வென்டரின் டேட்டாபேஸில் நீங்களாக இண்டெக்ஸ் போட்டால் சப்போர்ட்டைக் கைகழுவிவிடுவார்கள், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே மெமரியும் நல்ல டிஸ்க்கும்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். கூடவே மேலே சொன்ன காத்திருப்புப் பட்டியலை வென்டருக்கு அனுப்புங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்று எழுதும் டிக்கெட்டுக்கும், ‘இந்த வரிசையில் இத்தனை பேர் இத்தனை நொடி லாக்குக்கு நிற்கிறார்கள்’ என்று எழுதும் டிக்கெட்டுக்கும் வருகிற பதிலே வேறு.

நாள் நெருக்கடியும் ஒரு கணக்கு. மார்ச் 20-ஆம் தேதி இதைப் படிக்கிறீர்கள் என்றால் கோடைத் தொடாதீர்கள். கிளவுடில் சர்வரை ஒரு அளவு கூட்டி, அக்கவுன்ட்ஸ் ரிப்போர்ட்டுகளை இரவு நேரத்துக்குத் தள்ளி, 31-ஐக் கடந்துவிட்டு ஏப்ரலில் இறக்கிக்கொள்ளுங்கள். லாக் பிரச்சினை என்றால் அதுவும் உதவாது. அப்போது கிளைகளுக்குப் பில் போடும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பது ஒன்றே வழி. கிளைவாரிப் பில் வரிசைக்கு மாறுவதற்கு நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் 1 தோதான நாள். அதற்கு ஆடிட்டரிடம் பிப்ரவரியிலேயே பேசி, முன்னெழுத்துகளை முடிவு செய்து, பிரின்ட் டெம்ப்ளேட்டில் 16 எழுத்தும் வெட்டுப்படாமல் வருகிறதா என்று ஒரு பில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.